மறுபடி சார் தேறிவிட்டார்

"நாளைக்கே ஸ்கூலுக்குப் போறேன். மார்க்கோட வந்தா வருவேன். இல்லைன்னா வரவே மாட்டேன்!"

மறுபடி சார் சாப்பாட்டு மேஜை முன்னால் எழுந்து நின்று இப்படி முழங்கியபோது, அவர் மனைவி ஒரு பல்லை ஊதிக்கொண்டிருந்தாள்.

பயப்பட வேண்டாம். அது இன்னும் யார் வாயிலும் ஏறாத பல். செயற்கைப் பல் செட் செய்யும் பட்டறையில் அவளுக்கு வேலை. அவசரமென்றால் வீட்டுக்கும் கொண்டுவருவாள். மேஜையின் இந்த முனையில் இவர் தட்டு இருக்கும். அந்த முனையில் ஒரு முழு மேல்வரிசை சிரித்துக்கொண்டிருக்கும்.

"வரவே மாட்டீங்களா?" என்றாள், பல்லிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"மாட்டேன்."

"ராத்திரிச் சாப்பாட்டுக்கு?"

"அதுக்கு மட்டும் வருவேன்."

மறுபடி சாரை முதலில் அறிமுகப்படுத்திவிடுகிறேன். வண்டி ஓட்டக் கற்றவர்களைச் சோதித்து லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரி அவர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பரீட்சை மைதானத்தில் வழிக்கு வழி நட்டிருக்கும் கூம்பை இடித்தவர்கள், சிக்னலைத் தாண்டியவர்கள், ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் முன்னால் பாய்ந்தவர்கள் எல்லோரிடமும் அவர் சொல்வது ஒரே வாக்கியம். "மறுபடி வாங்க." திட்டமாட்டார், கத்தமாட்டார். கோபமே இல்லாத முகத்தோடு "மறுபடி வாங்க" என்பார். அதனால் ஊருக்கே அவர் மறுபடி சார்.

அப்படிப்பட்டவரையே கொதிக்க வைத்தது மகளின் ரிப்போர்ட் கார்டு. ஆறாம் வகுப்புக்குப் போனதும் பள்ளியில் ஏதோ புது முறையாம். கார்டைத் திருப்பினார், புரட்டினார், விளக்குக்கு நேரே தூக்கிக்கூடப் பிடித்துப் பார்த்தார். மார்க் இல்லை. மொத்தம் இல்லை. ரேங்க் இல்லவே இல்லை. கணக்கு என்று ஒரே பாடமாகக்கூட இல்லை. 'பின்னங்களைக் கூட்டுவது', 'சுற்றளவு காண்பது' என்று பலகாரக் கடைப் பலகை மாதிரி வரிசை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சொல். தொடங்கியிருக்கிறாள். நெருங்கிவிட்டாள். கைவந்துவிட்டது. கைதேர்ந்தவள்.

"இதென்ன, ரிப்போர்ட் கார்டா, ஜோசியமா? 'நெருங்கிவிட்டாள்'! எங்க நெருங்கிட்டா? பஸ் ஸ்டாப்பையா?"

"எனக்கு என்னங்க தெரியும்?" என்றாள் மனைவி.

"எங்கண்ணன் போன் பண்ணி என்ன ரேங்க்னு கேட்டா நான் என்ன சொல்றது? 'அண்ணே, உன் பையன் ரெண்டாவது, என் பொண்ணு நெருங்கிட்டா'ன்னா?"

"சொல்லுங்களேன். அவருக்கும் புரியாது. சமமாப் போயிடும்."

"அது மட்டுமா? இங்க பாரு. 'வீட்டுப்பாடத்தை நேரத்துக்குத் தருவது: அரிது'. அதே பொண்ணு பின்னங்களைக் கூட்டறதுல 'கைதேர்ந்தவள்'! வீட்டுப்பாடமே தராதவ எப்படிக் கைதேர்ந்தவ ஆவா? மார்க்கைக் குறைக்க வேணாமா? இது அநியாயம் இல்ல?"

மகள் தட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, நீங்க என் கட்சியா, எதிர்க்கட்சியா?"

"நான் நியாயத்தோட கட்சி!"

மனைவி பல்லை டப்பாவில் வைத்து மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டாள். குரலைக் கொஞ்சம் தாழ்த்தினாள்.

"அது இருக்கட்டும். பட்டறையில மறுபடியும் கேட்டாங்க."

சாருக்கு உடனே பசி அடங்கிவிட்டது. எதைக் கேட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். விடியற்காலை ஷிப்டுக்கு அவளைத் தலைமை ஏற்கச் சொல்கிறார்கள். பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் கண் வைத்திருந்த நாற்காலி அது. இருட்டு பிரியும் முன்பே கிளம்பினால் மத்தியானம் வந்துவிடலாம். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

"எனக்கு அது வேணும்ங்க," என்றாள் நேராக.

"எனக்கு மட்டும் உன்னை அனுப்ப ஆசை இல்லையாம்மா? ஆனா காலையில முட்டை, இஸ்திரி, பாப்பாவுக்குத் தலை... எனக்குத்தான் எதுவும் வராதே!"

இதைச் சொல்லும்போது சாரின் முகத்தில் உண்மையான துக்கம் தெரிந்தது. அதுதான் அவருடைய திறமை.

சாருக்கு வராத வேலைகள் ஏராளம். பிறவியிலேயே வராமல் போனவை அல்ல. பாடுபட்டு வராமல் செய்துகொண்டவை. கல்யாணமான புதிதில் ஒருநாள் முட்டை அவிக்கச் சொன்னாள். அடுப்பில் வைத்துவிட்டுச் செய்தித்தாளுக்குள் நுழைந்தார். தண்ணீர் வற்றி, பாத்திரம் காய்ந்து, முட்டை வெடித்துக் கூரையில் போய் ஒட்டியது. மஞ்சள் கறை இன்றைக்கும் இருக்கிறது. அன்றோடு சமையலறையிலிருந்து விடுதலை. பிறகு இஸ்திரி. மனைவியின் வெள்ளைக் கோட்டின் முதுகில் இஸ்திரிப் பெட்டியின் உருவத்தை அச்சு அசலாகப் பதித்துக் கொடுத்தார். அதிலும் விடுதலை. கடைசியாக மகளுக்குப் பின்னல். போட்ட பின்னலுக்குள் சீப்பு குடியேறிவிட்டது. கத்தரிக்கோலால்தான் காலி செய்ய முடிந்தது.

ஒரு வேலையை ஒரே ஒரு தடவை ஒழுங்காகக் கெடுத்தால் போதும், ஆயுள் முழுக்க ஓய்வு. இந்த ரகசியத்தை அவர் யாருக்கும் சொன்னதில்லை. மனைவியும் கேட்டதில்லை.

இப்போதும் அவள் எதுவும் கேட்கவில்லை. ரிப்போர்ட் கார்டை எடுத்து அவர் சட்டைப் பையில் செருகினாள்.

"போயிட்டு வாங்க. டீச்சர்கிட்ட நல்லாக் கேளுங்க. எல்லாத்தையும் ஒண்ணு விடாம புரிஞ்சுக்கிட்டு வாங்க."

அந்த 'ஒண்ணு விடாம'வில் ஒரு பொறி இருந்தது. சார் கவனிக்கவில்லை.

மறுநாள் மாலை வகுப்பறையில் அவருக்குக் கிடைத்தது குழந்தைகள் நாற்காலி. அதில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொட்டது. அந்த நிலையில் மனிதனுக்குக் கோபப்படுவது கஷ்டம். இருந்தாலும் முயன்றார்.

"டீச்சர், நான் சுத்தி வளைச்சுப் பேசமாட்டேன். எனக்கு மார்க் வேணும்."

டீச்சர் அவரை உற்றுப் பார்த்தார். இளவயது டீச்சர். கண்கள் மெல்ல விரிந்தன.

"சார்... நீங்க மறுபடி சார்தானே?"

சாரும் உற்றுப் பார்த்தார். எங்கேயோ பார்த்த முகம். எங்கே? மைதானத்தில். ஸ்டியரிங்குக்குப் பின்னால். வியர்த்து வழிந்துகொண்டு...

"நீ... நீங்க அந்தக் கூம்பு டீச்சரம்மா!"

"நானேதான் சார்! முதல் தடவை எல்லாக் கூம்பையும் சாய்ச்சேன்."

"ஒண்ணை வண்டிக்கு அடியிலயே இழுத்துக்கிட்டு கேட் வரைக்கும் போனீங்க."

"ரெண்டாவது தடவை உங்க மேலயே வந்தேன்."

"ஓடினேன்."

"அதுக்கப்புறமும் எத்தனையோ தடவை. ஒவ்வொரு தடவையும் நீங்க அதே முகத்தோட 'மறுபடி வாங்க'ன்னீங்க. கடைசியில?"

சாரின் முகம் மலர்ந்தது. "கடைசியில ஒரு கூம்புகூட அசையலைம்மா! ரிவர்ஸ் எடுத்தீங்க பாருங்க, பாலைத் தம்ளர்ல ஊத்தற மாதிரி! உடனே கையெழுத்துப் போட்டேன்."

"ஏன் சார் போட்டீங்க?"

"ஏன்னா? ஓட்ட வந்துடுச்சே!"

"முன்னாடி சாய்ச்ச கூம்பையெல்லாம் கூட்டி, வகுத்து, சராசரி போட்டிருந்தா நான் பாதி டிரைவர்தானே?"

"பாதி டிரைவருக்கு எப்படிம்மா லைசென்ஸ் தர முடியும்? ஒண்ணு, ஓட்ட வரும். இல்லைன்னா, இன்னும் வரலை. பழசைக் கூட்டிக்கிட்டு உட்கார்ந்தா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

டீச்சர் மெல்லச் சிரித்தார். "உங்க பொண்ணும் முதல்ல பின்னத்துல கூம்பைச் சாய்ச்சவதான் சார். இப்ப ஒண்ணுகூடச் சாயறதில்ல. பழசை எதுக்கு நான் கூட்டி வகுக்கணும்?"

"சரி. எல்லாத்தையும் ஏன் பிச்சுப் பிச்சுப் போட்டிருக்கீங்க? கணக்குன்னு ஒரே மார்க்காப் போட்டா என்ன?"

"ஒருத்தர் ஸ்டியரிங்கை அற்புதமாப் பிடிக்கறார். ஆனா பிரேக் போடத் தெரியலை. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி அனுப்பிடுவீங்களா?"

"அய்யய்யோ! ஊர்ல ஒருத்தரும் மிஞ்சமாட்டாங்க!"

"அதான் சார் தனித்தனி. எது வந்துடுச்சு, எது வரலைன்னு தெரிஞ்சாத்தானே வராததைச் சொல்லித்தர முடியும்?"

"வீட்டுப்பாடம்?"

"லேட்டா கொடுக்கறது பழக்கத்துல இருக்கற குறை. அதையும் எழுதியிருக்கேனே, தனியா. சட்டையில பட்டன் இல்லாம ஒருத்தர் வந்தா ரிவர்ஸ் எடுக்கத் தெரியலைன்னு எழுதுவீங்களா?"

"எழுதமாட்டேன்." சாரின் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "கைதேர்ந்தவள்னா?"

"சொல்லிக்கொடுக்காத புதுச் சிக்கல் வந்தாலும் தடுமாறாம, தானே வழி கண்டுபிடிக்கணும். அப்பத்தான் அந்த வார்த்தை எழுதுவோம். உங்க பொண்ணு அதைப் பண்ணினா."

ரேங்க்கைப் பற்றிக் கேட்க வாயெடுத்தார். லைசென்ஸில் தான் எப்போதாவது ரேங்க் போட்டதுண்டா என்று நினைத்துப் பார்த்து, அவராகவே வாயை மூடிக்கொண்டார். இத்தனை வருஷம் வெயிலில் கூம்புகளுக்கு நடுவே நின்றுகொண்டு தான் செய்தது வெறும் உத்தியோகம் என்று நினைத்திருந்தார். அது ஒரு பெரிய தத்துவம் என்பது இப்போதுதான் தெரிகிறது! யாரையும் தோற்றவன் என்று சொல்லாத தத்துவம்! கண்ணில் நீர் முட்டியது. முழங்காலும் மரத்துப்போயிருந்தது.

எழுந்து விடைபெறும்போது டீச்சர் ஏதோ சொல்ல வந்தார். "உங்க வீட்டுல அன்னிக்கு..."

"வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்கம்மா," என்று சொல்லிவிட்டு, காற்றில் மிதந்துகொண்டே வெளியேறினார்.

வீட்டுக்குள் நுழைந்தவர் செருப்பைக் கழற்றவில்லை. பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார்.

"அடாடா! என்ன முறை! என்ன முறை! இத்தனை நாள் நாமெல்லாம் இருட்டுல இருந்திருக்கோம்!"

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தாடையில் கையை வைத்துக்கொண்டாள். மகளும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இவ்வளவு ஆவலான சபை சாருக்கு அதுவரை வாய்த்ததில்லை.

"மார்க் போயிடுச்சுன்னு கவலைப்பட்டீங்களே?" என்றாள் மனைவி.

"மார்க்! தூக்கிக் குப்பையில போடு! ஒருத்தரால ஒண்ணைச் செய்ய முடியுதா, இல்லையா? அதுதான் கேள்வி."

"முதல் தடவை சொதப்பிட்டா?"

"சொதப்பட்டுமே! அது கணக்கே இல்ல. பழைய தப்பைக் கூட்டி வகுக்கறது பாவம்."

"அப்படிங்களா! அப்ப வராதுன்னு ஒண்ணு..."

"கிடையாது! அகராதியிலயே கிடையாது. 'வராது' இல்ல, 'இன்னும் வரலை', அவ்வளவுதான். வர்ற வரைக்கும் மறுபடி. மறுபடி. மறுபடி!"

"எந்த வயசுக்காரங்களுக்கும் இது பொருந்துமாங்க?"

"என்ன கேள்வி இது? அறுபது வயசுல வந்து என்கிட்ட லைசென்ஸ் வாங்கியிருக்காங்க!"

"இதை நீங்க மனசார ஒத்துக்கறீங்க?"

"மனசார!" என்று நெஞ்சில் அறைந்துகொண்டார்.

மனைவி அண்ணாந்து பார்த்தாள். சமையலறைக் கதவு வழியே தெரிந்த கூரையை, அதில் ஒட்டியிருந்த மஞ்சள் கறையை, ரொம்ப அமைதியாகப் பார்த்தாள். அவரும் பார்த்தார். செருப்பைக் கழற்றாதது எவ்வளவு நல்லது, அப்படியே திரும்பி ஓடியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியபோது காலம் கடந்திருந்தது.

"அப்ப அந்த முட்டை கணக்குல இல்ல," என்றாள்.

"எந்த முட்டை?"

"என் கோட்டும் கணக்குல இல்ல. பாப்பாவோட சீப்பும் கணக்குல இல்ல. பழசை எதுக்கு நான் கூட்டி வகுக்கணும்? உங்களுக்கு வராதுன்னு இத்தனை வருஷமா நானும் பாவம் பண்ணிட்டேன்ங்க. உங்களுக்கு இன்னும் வரலை. அவ்வளவுதான்."

மறுநாள் காலை ஃபிரிட்ஜ் கதவில் ஓர் அட்டை தொங்கியது. மகளின் கையெழுத்து. முட்டை அவிப்பது. சீருடைக்கு இஸ்திரி போடுவது. இரட்டைப் பின்னல். மதியச் சாப்பாட்டு டப்பா கட்டுவது. ஸ்கூல் பஸ்ஸுக்கு அனுப்புவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, 'தொடங்கவில்லை'. கீழே தனியாக ஒரு வரி: 'முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் செய்வது: அரிது'.

"இதையும் ஏன் எழுதினே?"

"அது பழக்கத்துல இருக்கற குறைப்பா. தனியாத்தான் எழுதணும்," என்றாள் மகள்.

சார் அசரவில்லை. அவரிடம்தான் பழைய ஆயுதம் இருக்கிறதே! கெடுத்துவிட்டால் தீர்ந்தது. முட்டையைப் பச்சைத் தண்ணீராக வெளியே எடுத்தார். உடைத்தால் வழிந்தது. மகள் அதைக் கூர்ந்து பார்த்தாள். அவர் மைதானத்தில் பிடித்துக்கொண்டு நிற்கும் பரீட்சை அட்டையையே கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் மாதிரியே ஒரு முறை தொண்டையைச் செருமினாள். கோபமே இல்லாத முகத்தோடு சொன்னாள்.

"மறுபடி வாங்க."

அடுத்த நாள் முட்டையைக் கல்லாக்கினார். "மறுபடி வாங்க." சீருடையில் இருந்த சுருக்கம் போதாதென்று புதிதாகச் சில சுருக்கங்களை இஸ்திரி போட்டு நிலைநாட்டினார். "மறுபடி வாங்க." ஒரு பின்னலைக் காதுக்கு மேலேயும் இன்னொன்றைக் கழுத்துக்குக் கீழேயும் முடித்தார். மகள் கண்ணாடியில் பார்த்தாள். உதடு நடுங்கியது. ஆனாலும் அதிகாரி அதிகாரிதான்.

"மறுபடி வாங்கப்பா."

மனைவி திட்டவில்லை. அதுதான் சாரைக் கலங்கடித்தது. முன்பெல்லாம் கெடுத்தால் அவள் பொறுமை இழந்து, "தள்ளுங்க, நானே செய்யறேன்" என்பாள். அந்த வாக்கியத்துக்காகத்தானே இவ்வளவு பாடும்! இப்போது அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு புன்னகையோடு பார்க்கிறாள். "நெருங்கிட்டீங்க," என்கிறாள்.

ஒரு வாரத்தில் அவருக்கு உண்மை உறைத்தது. இந்த முறையில் தோற்கவே முடியாது! தோற்க முடியாத பரீட்சையிலிருந்து மனிதன் எப்படித் தப்பிப்பான்? கெடுத்தால் மறுபடி. இன்னும் கெடுத்தால் இன்னொரு மறுபடி. தன்னிடம் வந்த ஆயிரக்கணக்கான பேர் இந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு எப்படி வீட்டுக்குப் போனார்கள், எப்படிச் சாப்பிட்டார்கள் என்று நினைத்தபோது அவருக்கு அந்த மக்கள்மேல் பிரமிப்பே ஏற்பட்டது.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது.

மைதானத்தில் நின்றுகொண்டிருந்தார். ஒருத்தர் அழகாக ரிவர்ஸ் எடுத்தார். சார் கையெழுத்துப் போட்டார். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். தேறாதவர்கள்தான் திரும்பத் திரும்ப வருவார்கள். தேறியவர்களை அந்த மைதானத்தில் சார் அதன்பிறகு பார்த்ததே இல்லை. பரீட்சை இல்லை, பயிற்சி இல்லை, கூம்பு இல்லை. அவர்கள் விடுதலை பெற்றவர்கள்!

"அடடா," என்று வாய்விட்டே சொன்னார் சார். "தேறிட்டாத் தீர்ந்தது!"

ஒரே ஒரு தடவை அசத்திவிட வேண்டும். கைதேர்ந்தவர் என்று அட்டையில் எழுத வைக்க வேண்டும். அதோடு அட்டை இறங்கும், அவரும் நாற்காலியில் ஏறலாம்.

அன்றிலிருந்து அலுவலகத்தில் விபரீதங்கள் நடந்தன. டீ போடும் கெட்டிலில் முட்டைகள் கொதித்தன. எடுத்து உடைத்துப் பார்ப்பார், முகம் சுளிப்பார், மறுபடி போடுவார். கூம்புகளுக்கு நடுவே கட்டும் கயிற்றை மூன்றாகப் பிரித்து ஜன்னல் கம்பியில் கட்டிப் பின்னிப் பழகினார். பரீட்சைக்குக் காத்திருந்த ஓர் அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பொறுக்க முடியவில்லை.

"சார், இழுத்துப் பிடிங்க. நடுப் பிரியை மேல கொண்டுவாங்க."

"இப்படியா?"

"தொளதொளன்னு இருக்கு. அவுத்துட்டு மறுபடி போடுங்க சார்."

அந்த வார்த்தையைத் தன் மைதானத்திலேயே தன்னைப் பார்த்துச் சொல்லக் கேட்டபோது சாருக்கு உள்ளே ஏதோ நெகிழ்ந்தது. அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டார். மாலைக்குள் கயிறு கயிறாக இல்லை, அச்சு அசல் பின்னலாகிவிட்டது. பார்க்கப் பார்க்க அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இந்த விரல்களா? பேனா மூடியையே தொலைக்கிற இந்த விரல்களா?

வெள்ளிக்கிழமை காலை. மாதக் கடைசி நெருங்கிவிட்டிருந்தது.

"இன்னிக்குப் பரீட்சை வைங்க," என்றார் சார். "எல்லாத்துக்கும் சேர்த்து."

மனைவியும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மகள் பரீட்சை அட்டையை எடுத்துக்கொண்டாள்.

முட்டையைக் கொதிக்க வைத்தார், இறக்கினார், பச்சைத் தண்ணீரில் போட்டார், உரித்தார். ஓடு முழுசாகக் கழன்று வந்தது. உள்ளே மஞ்சள் கரு பூப்போல இருந்தது. மகள் தொண்டையைச் செரும மறந்துவிட்டாள். இரட்டைப் பின்னல் போட்டார். மகள் தலையை ஆட்டிப் பார்த்தாள், குதித்துப் பார்த்தாள், ஒரு முடி அசையவில்லை. "அம்மா... அம்மா போடறதைவிட..." என்று தொடங்கி, அம்மாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

அடுத்தது இஸ்திரி. சீருடையை விரித்தார். பெட்டியின் ஸ்விட்சைப் போட்டார். மின்சாரம் போய்விட்டது!

ஃபிரிட்ஜ் முனகலை நிறுத்தியது. மின்விசிறி களைத்துப்போய் நின்றது. பக்கத்து வீட்டு ரேடியோ மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் பாடிக்கொண்டிருந்தது. வாசலில் பஸ் வரும் நேரம்.

"அச்சச்சோ," என்றாள் மனைவி. "பாவம், விட்டுடுங்க. நெருங்கிட்டீங்கன்னு போட்டுடறோம்."

நெருங்கிட்டீங்களா! இவ்வளவு பாடுபட்டு, கயிற்றையெல்லாம் பின்னி, கடைசியில் நெருங்கிட்டீங்களா! சார் சமையலறைக்குள் பாய்ந்தார். முட்டை அவித்த அடி தட்டையான பாத்திரத்தில் மிச்சத் தண்ணீர் இன்னும் கொதிநிலையில் இருந்தது. கேஸைத் திருகி மறுபடி தளதளவென்று கொதிக்கவிட்டார். அடியைத் துணியால் துடைத்தார். கைப்பிடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, மேஜையில் விரித்த சீருடைமேல் வைத்து நிதானமாக இழுத்தார். காலர். தோள். கை. மடிப்பு ஒவ்வொன்றாக விழுந்தது. பாலைத் தம்ளரில் ஊற்றுகிற மாதிரி இழுத்தார்!

மகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். பல்லின் நூலிழைப் பிசகைக்கூடக் கண்ணால் பிடிக்கும் அவர் மனைவி, காலரைத் தொட்டுப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது நிஜமான வியப்பு. கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு பார்வையை அவர் வாங்கியதில்லை. சாருக்குத் தான் யாரென்றே புரியவில்லை. உலகத்தில் தனக்கு வராதது இனி எதுவுமில்லை என்று தோன்றியது.

டப்பா கட்டினார். மகளைப் பஸ்ஸில் ஏற்றினார். பஸ் படியில் நின்றுகொண்டு மகள் அந்த ஃபிரிட்ஜ் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் காட்டினாள். எல்லா வரிக்கும் எதிரே ஒரே சொல். கைதேர்ந்தவர்.

"அப்ப பரீட்சை முடிஞ்சுதா?" என்று மனைவியிடம் உறுதிப்படுத்திக்கொண்டார் சார்.

"முடிஞ்சுதுங்க."

"இனிமே மறுபடி கிடையாதே?"

"கிடையவே கிடையாது."

அப்பாடா! சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. மனைவி கேட்காமலே டீ கொண்டுவந்தாள். தேறியவனின் வாழ்க்கை எவ்வளவு இனிமையானது! நிறைய யோசித்து ஜெயித்துவிட்டோம் என்று தனக்குத் தானே சிரித்துக்கொண்டார். அவள் பாவம், சூது தெரியாதவள் என்றும் ஒரு கணம் இரக்கப்பட்டார்.

திங்கட்கிழமை விடியும் முன்பு யாரோ தோளைத் தட்டினார்கள். கண்ணைத் திறந்தார். எதிரே வெள்ளைக் கோட்டு. புதுசு. முதுகில் இஸ்திரிப் பெட்டியின் படம் இல்லாதது. தோளில் பை.

"எங்க கிளம்பிட்டே?"

"வேலைக்குங்க. இன்னிக்கு முதல் ஷிப்ட். வெள்ளிக்கிழமையே சரின்னு சொல்லிட்டேன்." சொல்லும்போதே அவள் முகம் விளக்கில்லாமல் வெளிச்சமாக இருந்தது. இவளை இப்படிப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று அந்தத் தூக்கக் கலக்கத்திலும் அவருக்கு மனசு நிறைந்தது. பிறகுதான் மூளை விழித்தது.

"அப்ப முட்டை? பின்னல்? அதெல்லாம்?"

"அதான் நீங்க இருக்கீங்களே."

"நான் தேறிட்டேனே! பரீட்சை முடிஞ்சுதுன்னு நீதானே சொன்னே?"

"முடிஞ்சுதுங்க. அந்தக் கடைசிச் சிக்கலைத்தான் நீங்க தாண்டுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல. அசத்திட்டீங்க."

"எந்தச் சிக்கல்?" என்று கேட்டவருக்கு, அன்றைக்குப் பக்கத்து வீட்டில் ரேடியோ பாடியது நினைவுக்கு வந்தது. "கரண்ட் போனது... மெயின் ஸ்விட்ச்... நீயா?"

"புதுச் சிக்கல் வந்தாலும் தடுமாறாம தானே வழி கண்டுபிடிக்கணும்னு பெற்றோர் கூட்டத்துல டீச்சர் சொன்னாங்களே. நீங்க 'எனக்குக் கூட்டமெல்லாம் வராது'ன்னு என்னை அனுப்பினீங்க, ஞாபகமில்ல?"

மறுபடி சார் அவளை நிமிர்ந்து பார்த்தார். கோபம் வரவில்லை. மலையைப் பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவன் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது அவர் முகம். இருந்தாலும் கடைசியாக ஒரு முயற்சி செய்து பார்த்தார்.

"இருந்தாலும் தேறினவனை மறுபடி..."

"மறுபடி இல்லைங்க. உங்ககிட்ட லைசென்ஸ் வாங்கிட்டுப் போறாங்களே, அவங்கெல்லாம் அப்புறம் என்ன பண்ணுவாங்க?"

சார் யோசித்தார். இத்தனை வருஷ உத்தியோகத்தில் அவர் ஒருநாளும் யோசிக்காத கேள்வி.

"வண்டி ஓட்டுவாங்க," என்றார் மெதுவாக.

அவள் சீப்பை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"அப்ப ஓட்டுங்க."